கீரைப் பாத்தி முதல் வாடகை அறை வரை: குடும்பக் காணியின் கதையைத் தேடி எழுதுவது எப்படி

கொழும்பைச் சுற்றி வத்தளை, ஹெந்தளை, மாபோலை, பேலியகொடை, கொலன்னாவை என்று எந்தப் பக்கம் போனாலும், முன்பு இந்தியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் கீரை போட்ட, மாடு கட்டின, தென்னை வைத்த காணித் துண்டைப் பற்றி யாராவது சொல்வார்கள். இன்றைக்கு அங்கே மாடி வீடு நிற்கும், இல்லாவிட்டால் கன்டெய்னர் லொறி நிற்கும். அந்தக் குடும்பத்தின் நாலாம் தலைமுறையில் கொஞ்சம் பேர் இங்கேயும் மிச்சப் பேர் டொரொன்டோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருந்துகொண்டு, காணியை விற்றுப் பிரிப்பதா வேண்டாமா என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொண்டிருப்பார்கள். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் குடும்பத்து விஷயம். அதற்கு முன்னால், அந்தக் காணியில் யார் என்ன செய்தார்கள், ஏன் அது மாறிக்கொண்டே வந்தது என்பதை ஒழுங்காகத் தேடி எழுதி வைப்பது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன். ஹெந்தளைப் பக்கம் இருந்த எங்கள் குடும்பக் காணிக்கு நான் இதைச் செய்தேன், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

குடும்பக் கதை எழுத உட்காருகிறவர்கள் ஆட்களில் இருந்து தொடங்குவார்கள். இன்னார் இன்ன ஊரிலிருந்து கப்பலில் வந்தார், இன்னாரைக் கட்டினார், இத்தனை பிள்ளை. அப்படித் தொடங்கினால் அது கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியலாக முடிந்துவிடும். நிலத்தில் இருந்து தொடங்குங்கள். நிலத்தைப் பிடித்துக்கொண்டால் ஆட்கள் தாமாக வருவார்கள், அதுவும் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், பெயர் இல்லாத ஆட்கள், அதாவது பால் கறந்த பெரியத்தை, கீரைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போன பாட்டி, இப்படிப்பட்டவர்கள். காணி யாருக்குச் சொந்தம் என்பது உறுதியில் இருக்கும். அங்கே என்ன நடந்தது என்பது பெரும்பாலும் உறுதியில் இராது. இந்த இரண்டையும் வேறு வேறு இடங்களில் தேடிப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதுதான் மொத்த வேலையும்.

ஒரு பெரிய தாளை எடுத்து ஆறு பத்தி வரும்படி நீளவாட்டில் கோடு போடுங்கள். காலம், யார் பெயரில் இருந்தது, யார் உழைத்தார்கள், என்ன பயிர் அல்லது தொழில், விளைந்ததை யார் வாங்கினார்கள், ஏன் மாறியது. கணினியில் செய்தாலும் சரிதான், ஆனால் வயதானவர்களுக்கு முன்னால் தாளை விரித்தால் அவர்களே விரலை வைத்து "இல்லப்பா, இது இதுக்கு முந்தி" என்று திருத்துவார்கள். ஆறாவது பத்தி நிரம்பத்தான் அதிக நாள் எடுக்கும். எங்கள் காணியில் முதலில் குத்தகைக்குக் கீரை, பிறகு சொந்தமாக வாங்கிய துண்டில் மாட்டுப் பட்டியும் தென்னையும், அப்புறம் சீமெந்துக் கல் அறுக்கிற களம், அதற்குப் பிறகு லொறி நிறுத்தும் இடம், இப்போது வாடகை அறைகள். இந்த வரிசை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏன் போனோம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். உறுதிகள் மட்டும் முக்கியமில்லை. ஆதன வரி ரசீது, பால் சபைக்குப் பால் ஊற்றிய சீட்டு, பழைய கூப்பன் புத்தகம், பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு, கோயிலுக்குப் பூவோ பாலோ கொடுத்த கணக்கு நோட்டு, எல்லாவற்றிலும் ஒரு தேதியும் ஒரு விலாசமும் இருக்கும். அந்த விலாசம் மாறுகிற வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கலியாணப் படங்களில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கிடுகு வேலியா, கல் மதிலா, கிணற்றுத் துலா தெரிகிறதா, கூரை ஓலையா ஓடா. எங்கள் பட்டி எந்த இடத்தில் இருந்தது என்பதில் இருந்த சண்டையை ஒரு பூப்புனித நீராட்டு விழாப் படம்தான் தீர்த்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய உறுதிகளை லேமினேட் பண்ணாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அந்தச் சூடும் பசையும் தாளைக் கொன்றுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. நல்ல பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், முத்திரை இருக்கும் ஓரம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, கோப்பின் பெயரில் உறுதி இலக்கத்தையும் வருடத்தையும் போட்டு, குறைந்தது மூன்று பேரிடம் ஒவ்வொரு பிரதி இருக்கும்படி செய்யுங்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் வீட்டோடு பெட்டியும் எரிந்த குடும்பங்கள் கொழும்பில் எத்தனையோ. உங்கள் வீட்டிலும் அப்படி எரிந்திருந்தால் மனம் தளர வேண்டாம். உறுதி ஒரே ஒரு தாளில் இருப்பதில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

பெரியவர்களிடம் கேட்பது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. ஊருக்கே தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். கொழும்பில் இருந்தவர்களுக்கு நல்ல குறிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டது, அந்தப் பயத்தில் எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்கு ஓடியது, களனி கங்கை பெருகிய 1947 வெள்ளம், 1953 ஹர்த்தால், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எழுபதுகளில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம், 1977 தேர்தல், 83, 1989 வெள்ளம், 2016 வெள்ளம். வீட்டுச் சம்பவங்களும் அதே அளவுக்கு உதவும். "அத்தை, சின்னவர் பிறந்தப்ப மாடு இருந்துச்சா?" என்று கேட்டால், "இருந்துச்சு, அந்தச் சீம்பாலைத்தான் எல்லா வீட்டுக்கும் குடுத்தோம்" என்று வரும். சின்னவரின் பிறப்புச் சான்றிதழ் வருடத்தைச் சொல்லிவிடும்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் வாங்கின விலையையும் வழக்கையும் சொல்வார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, சாணியை எங்கே கொட்டினார்கள், எந்தப் பாத்தியில் என்ன கீரை, யார் வீட்டுக்கு எத்தனை போத்தல் பால், மழைக்கு எது மூழ்கும் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். பக்கத்துச் சிங்கள வீட்டு ஆச்சியையும் விடாதீர்கள். அவர் உங்கள் காணியை வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஆயுள் முழுக்கப் பார்த்தவர், உங்கள் வீட்டில் மறந்ததும் மறைத்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்ததுமே, காணி உரிமை பற்றி எதுவும் கேட்க வரவில்லை, கதை எழுதத்தான் கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பத்து வருட ஆட்சி இருந்தால் உரிமை கோரலாம் என்பது 1871-ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டத்தில் இருந்தே இருக்கிற விஷயம், அதனால் எல்லையைப் பற்றிக் கேட்கிற யாரைப் பார்த்தாலும் மக்களுக்குப் பயம் வருவது நியாயம்தான்.

போனில் ஒலிப்பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். நடமாட முடிந்தவராக இருந்தால் காணிக்கே கூட்டிப் போங்கள். வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒன்றும் ஞாபகம் இல்லை என்ற எங்கள் பெரியப்பா, இடத்தில் இறங்கியதும் காலை அகட்டி வைத்து "இங்கதான் வாய்க்கால்" என்று தடம் போட்டுக் காட்டினார்.

உறுதியை வாசிப்பது

பழைய உறுதிகள் ஆங்கிலத்தில் இருக்கும், பிந்தியவை பலதும் சிங்களத்தில். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் முதல் பக்கத்தில் விற்றவர் வாங்கியவர் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

அட்டவணை என்று ஒரு பகுதி வரும். அதில் காணியின் பெயர், நாலு எல்லை, பரப்பு. பெயர் 'வத்த' என்று முடிந்தால் மேட்டுத் தோட்டம், 'கும்புர' என்றால் வயல், 'ஓவிட்ட' என்றால் வயலையோ ஆற்றையோ ஒட்டிய தாழ்ந்த துண்டு. இன்று கொன்கிரீட் போட்டிருக்கும் இடத்தின் பெயர் கும்புர என்று முடிந்தால், அது என்றைக்கோ நிரப்பப்பட்ட வயல், மழைக்குத் தண்ணீர் நிற்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்று வரும். 1 ஏக்கருக்கு 4 ரூட், 1 ரூட்டுக்கு 40 பேர்ச்சஸ், ஆக ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஒவ்வொரு தலைமுறையிலும் பரப்பு எப்படிக் குறைகிறது என்பதைத் தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏக்கர் ரூட்டாகி, ரூட் பத்துப் பேர்ச்சஸ் துண்டாகும்போது, மாடு வளர்ப்பது ஏன் நின்றது என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

எல்லைகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே எல (சிற்றோடை), தெற்கே முன்பு இன்னாருக்கும் இப்போது இன்னாருக்கும் சொந்தமான காணி" என்று எழுதியிருப்பார்கள். ஒரே காணியின் மூன்று நாலு உறுதிகளை வருட வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒரு பக்கத்து எல கால்வாயாகி, கால்வாய் வீதியாவது தெரியும். இன்னொன்று, உங்கள் பூட்டன் தனக்கென்று ஒரு உறுதியும் இல்லாதவராக இருந்தாலும் அடுத்தவரின் உறுதியில் எல்லைக்காரராக வந்து நிற்கக்கூடும். அதனால் பக்கத்துக் காணிகளின் உறுதிகளையும் தேடுங்கள்.

உறுதியை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) அத்தாட்சிக் குறிப்பைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். கையெழுத்துத் தமிழில் போட்டாரா, ஆங்கிலத்திலா, பெருவிரல் அடையாளமா, பணம் நொத்தாரிசு முன்னிலையில் கைமாறியதா இல்லையா, சாட்சி இருவர் யார், எந்த வீதியில் இருந்தவர்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பெருவிரலில் இருந்து தமிழ்க் கையெழுத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலக் கையெழுத்துக்கும் போவதை மூன்று உறுதிகளில் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். சாட்சிகள் பலமுறை ஒரே ஊரில் இருந்து வந்தவர்களாக இருப்பார்கள், ராமநாதபுரமோ திருநெல்வேலியோ புதுக்கோட்டையோ, அதை வைத்து சொந்த ஊரின் சரியான பெயரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

காணி கைமாற்றம் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டத்தில் இருந்து வருகிற முறை. அதனால் வாங்கல் விற்றல் எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆனால் முதல் தலைமுறை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவர்கள், அல்லது மரத்துக்குப் பங்கு என்ற பேச்சில் தென்னம்பிள்ளை வைத்துக் கொடுத்தவர்கள். அவர்கள் காகிதத்தில் இல்லை என்பதற்காகக் கதையை முதல் உறுதியில் இருந்து தொடங்கிவிடாதீர்கள். அந்தக் குத்தகைக் காலத்தின் வரவுதான் பிறகு காணி வாங்கிய காசு.

காணிப் பதிவகத்தில் தேடுவது

உறுதி எழுதினால் மூலப் பிரதி வாங்கியவருக்கு, இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு, மூன்றாவது நொத்தாரிசிடம். வீட்டுப் பிரதி எரிந்தாலும் பதிவகத்தில் இருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம் என்பது இதனால்தான். நொத்தாரிசு இறந்துவிட்டால் அவரிடம் இருந்த பிரதிகளும் பதிவகத்துக்கே போக வேண்டும்.

பெயரை வைத்துத் தேடப் போனால் திண்டாடுவீர்கள். நம் ஆட்களின் பெயரை எழுதிய குமாஸ்தாக்கள் ஒரே ஆளை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். காணியை வைத்துத் தேடுங்கள். அட்டவணையின் கடைசி வரியில் இந்தக் காணி இன்ன பாகத்தில் இன்ன பக்கத்தில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். அதைக் கொடுத்து எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவேட்டின் பிரதி, கேட்டால், அந்தக் காணிக்கு நடந்த ஒவ்வொரு பதிவும் வரிசையாக வரும். பக்கம் நிரம்பியபோது எங்கிருந்து வந்தது, எங்கே கொண்டுபோகப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம். வத்தளைப் பக்கத்துக் காணிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பஹா 1978-இல்தான் தனி மாவட்டமானது, அதற்கு முன் அது கொழும்பு மாவட்டம். பழைய பதிவு எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். 1998-ஆம் ஆண்டு உரித்துப் பதிவுச் சட்டத்தின்படி, அதாவது பிம் சவிய திட்டத்தில், உங்கள் காணி சேர்ந்திருந்தால் உரித்துச் சான்றிதழ் தனியாக இருக்கும், பழைய கதைக்குப் பழைய பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ட்ராக்ட்டில் விற்பனையை விட ஈடுகளைக் கவனியுங்கள். எந்த வருடம் காணி ஈடு வைக்கப்பட்டது, யாரிடம், எப்போது மீட்கப்பட்டது. செட்டியார் தெருக் கடைகளிடம் ஈடு வைத்திருந்தால் பெயரிலேயே தெரியும். முப்பதுகளில் உலகம் முழுக்க விலை விழுந்தபோது கட்ட முடியாமல் போன தென்னங்காணிகள் பல நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கைக்குப் போயின. ஈடு வைத்த வருடத்துக்கும் வீட்டில் நடந்ததற்கும் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். எங்களுடைய ஒரு ஈடு மாடு வாங்க, ஒன்று பெரியத்தை கலியாணத்துக்கு, ஒன்று கல் அறுக்கிற மெசினுக்கு. தொழில் மாறியதை உறுதி சொல்லவில்லை, ஈடுதான் சொன்னது.

பிளானும் வழக்குக் கட்டும்

அளவையாளர் கீறிய பழைய பிளான்களில் கிணறு, கொட்டகை, ஓலை வீடு எல்லாம் குறித்திருப்பார்கள். பிளானின் தேதியை உறுதியின் தேதியோடு சேர்த்து எழுதுங்கள். இதை விடப் பெரிய புதையல் ஒன்று உண்டு, ஆனால் குடும்பங்கள் அதைப் பற்றிப் பேச வெட்கப்படும். அதுதான் பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பிக்குள் காணி பிரிக்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், நீதிமன்றம் அனுப்பிய அளவையாளர் பிளானோடு ஒரு அறிக்கையும் கொடுத்திருப்பார். எந்தத் துண்டில் என்ன கட்டடம், எத்தனை தென்னை, அவற்றின் வயது ஏறக்குறைய எவ்வளவு, எந்த மரத்தை யார் தன்னுடையது என்று சொன்னார்கள் என்று அதில் இருக்கும். இருபது வயதுத் தென்னை என்று ஒரு அறிக்கை சொன்னால், அதை நட்டது எந்தத் தலைமுறை என்று கணக்குப் போட்டுவிடலாம். கொழும்பு என்றால் புதுக்கடை நீதிமன்றம்தான், வழக்கு இலக்கம் தெரிந்தால் ஒரு சட்டத்தரணி மூலம் பிரதி எடுப்பது சுலபம். யாராவது இறந்து சொத்து நிர்வாகத்துக்கு நீதிமன்றம் போயிருந்தால் அந்தக் கட்டில் சொத்துப் பட்டியல் இருக்கும், மாடும் வண்டியும் கூட விலையோடு எழுதப்பட்டிருக்கலாம். அந்த வழக்கால் இன்றும் இரண்டு குடும்பம் பேசாமல் இருந்தால், இரண்டு பக்கத்தாரிடமும் கேட்டு, இரண்டையும் அவரவர் சொன்னபடியே எழுதுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வரைபடமும் வான்படமும்

நாரஹேன்பிட்டி கிருல வீதியில் நில அளவைத் திணைக்களம் இருக்கிறது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வந்த பழைய வரைபடங்களில் வயல், தென்னை, சதுப்பு எல்லாம் வேறு வேறாகக் காட்டியிருக்கும். 1956-இல் எடுத்த வான்படங்கள்தான் கொழும்புச் சுற்றுப்புறத்துக்கு மிக முக்கியம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் நகரம் வெளியே பரவுவதற்கு முந்திய நிலையை அவை காட்டுகின்றன. களனி கங்கை வளைவையும் ரயில் பாதையையும் முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து உங்கள் காணிக்கு நகருங்கள். தென்னை புள்ளி புள்ளியாகத் தெரியும், கீரைப் பாத்தி கோடு கோடாக. இரண்டாயிரத்துக்குப் பிந்தியதைக் கூகுள் எர்த்தில் பழைய தேதிக்குத் தள்ளி வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கொழும்பு 7-இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, வீரகேசரி 1930-இல் இருந்து, தினகரன் 1932-இல் இருந்து வருகிறது. மரண அறிவித்தலும் ஏல விளம்பரமும் பாருங்கள். ஃபெர்குசன் டைரக்டரி என்ற பழைய ஆண்டு நூலில் தோட்டங்களும் சொந்தக்காரர்களும் ஏக்கரோடு இருப்பார்கள். நம் ஆட்களின் சின்னத் துண்டு அதில் வராது, அவர்கள் யாருடைய தென்னந்தோட்டத்தில் குத்தகைக்கு இருந்தார்களோ அந்த முதலாளியின் பெயர் வரலாம். ஒல்லாந்தர் காலத் தோம்புகளும் (காணிப் பதிவேடுகளும்) சுவடிகள் காப்பகத்தில்தான் இருக்கின்றன, ஆனால் பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டில் வந்த குடும்பத்துக்கு அது தேவைப்படாது, அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஏன் மாறியது

இப்போது தாளின் ஆறாவது பத்திக்கு வருவோம். வீட்டில் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒரு ஆளைப் பற்றியதாக இருக்கும். தாத்தாவுக்கு முடியாமல் போனது, சித்தப்பாவுக்கு மாட்டில் விருப்பம் இல்லை. அது உண்மைதான், ஆனால் அதே வருடங்களில் அயலில் நாலு பட்டி மூடியிருந்தால் வெளியே வேறு காரணமும் இருக்கிறது என்று அர்த்தம்.

குடியுரிமைதான் முதல் காரணம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கிறவர், இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்தேன், போதிய வருமானம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காகச் சேர்த்த காகிதங்கள் சில வீடுகளில் இன்னும் கட்டாக இருக்கின்றன, குத்தகை ரசீது அதில் சிக்கலாம். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் எழுதினார்கள், மிச்சம் 1,50,000 பேரின் விஷயம் 1974-இல் முடிவானது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்தது இதில்தான். 1963-இல் வந்த 11-ஆம் இலக்க நிதிச் சட்டம், பிரஜை அல்லாதவருக்குக் காணி மாற்றினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரி, அதாவது நூற்றுக்கு நூறு வரி, என்று சொன்னது. உங்கள் உறுதியில் அறுபதுகளில் திடீரென்று மருமகன் பெயரோ அயலவர் பெயரோ வந்தால், அந்த ஆளின் பிரஜாவுரிமை நிலையைப் பாருங்கள். காணியில் உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவர் என்ற நிலை அப்படித்தான் பல குடும்பங்களில் வந்தது. இதைப் பற்றிக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள், சிலருக்கு இன்னும் ஆறாத விஷயம்.

1972-ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயலுக்கு 25 ஏக்கர், மற்றக் காணிக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. நம் ஆட்களின் சின்னக் காணியை அது தொடவில்லை. ஆனால் அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த பெரிய தோட்டத்தைத் தொட்டிருக்கும், குத்தகை திடீரென்று நின்ற வருடத்தைச் சரிபாருங்கள். எழுபதுகளில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்பட்டிருந்தபோது மரவள்ளியும் கீரையும் போட்டவர்கள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள், 1977-க்குப் பிறகு சந்தை திறந்து, பால்மா தாராளமாக வந்து, கட்டட வேலை பெருகியது. மாட்டை விற்றுச் சீமெந்துக் கல் அறுக்கப் போன எங்கள் வீட்டுக் கதை அதற்குள் அப்படியே பொருந்துகிறது. அதன் பிறகு லொறி நிறுத்த இடம் கேட்டு ஆட்கள் வந்தார்கள், புறக்கோட்டை மீன் சந்தை 2011-இல் பேலியகொடைக்குப் போனது, கட்டுநாயக்க அதிவேக வீதி 2013-இல் திறந்தது, பேர்ச்சஸ் விலை ஏற ஏறப் பாத்தி போடுவது கட்டுப்படியாகவில்லை.

நிலம் தானும் மாறியிருக்கும். பொன்னாங்காணி, கங்குன், வல்லாரை, கொஹில எல்லாம் ஈரநிலத்துக்கு ஏற்றவை, அதனால்தான் சதுப்பு ஓரங்களில் அவற்றைப் போட்டார்கள். பக்கத்து வயலை மண் போட்டு நிரப்பினால் உங்கள் துண்டில் தண்ணீர் தேங்கும், கால்வாய் அழுக்கானால் கீரையை வாங்க ஆள் இருக்காது. வயல் நிலத்தை நிரப்ப 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், அதனால் உங்கள் பக்கத்தில் நிரப்பியது எப்போது என்பதைத் தேதியோடு எழுதுவது கதைக்கு மட்டுமல்ல, வெள்ளப் பிரச்சினை பேசும்போதும் உதவும். ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018-இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது. அந்த ஈரநிலத்தில் பயிர் செய்து வாழ்ந்தவர்களின் கதையும் அதில் சேர வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

2022 நெருக்கடியையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று அரசாங்கமே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த வருடம் அது. அந்தச் சமயம் எங்கள் வாடகை அறைகளுக்குப் பின்னால் சித்தி மறுபடி பொன்னாங்காணியும் மரவள்ளியும் போட்டார். அதுவும் ஒரு வரிசையாகத் தாளில் ஏற வேண்டும், சின்னது என்று தள்ளக் கூடாது.

எழுதும்போது

தலைமுறைக்கு ஓர் அத்தியாயம் என்று வைக்காமல், பயன்பாட்டுக்கு ஓர் அத்தியாயம் வையுங்கள். கீரைக் காலம், மாட்டுக் காலம், கல் அறுத்த காலம். ஒரு ஆள் இரண்டிலும் வருவார், வரட்டும். காகிதத்தில் பார்த்ததையும் ஆள் சொன்னதையும் வேறுபடுத்தி எழுதுங்கள், "உறுதியில் இருக்கிறது", "அத்தை சொன்னார்" என்று வாக்கியத்திலேயே வரட்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தில் இரண்டையும் எழுதுங்கள். தமிழில் எழுதி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் ஒரு பிரதி போடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, இன்றைய உறுதி இலக்கம் இதெல்லாம் பொதுவில் பகிரும் பிரதியில் வேண்டாம், காணி மோசடிக்காரர்களுக்கு அது போதும். எழுதினதைக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், திருத்தம் அங்கேதான் வரும். அச்சிட்ட பிரதி ஒன்றை வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

காணியைப் பிரிப்பதென்றோ விற்பதென்றோ முடிவெடுத்துவிட்டால், அளவையாளர் புதுப் பிளான் கீற வருகிற நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். எல்லைக் கல்லை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், பழைய கிணறு, பட்டியின் அத்திவாரம், மிச்சம் இருக்கும் தென்னைகள், வாய்க்கால் போன தடம் எல்லாவற்றையும் காட்டி, பிளானில் குறிக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் குறித்துத் தருவார்கள்.